ரெட்டை வாத்தியார்

பழைய மாணவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நினைவு மலர் போடப் போகிறீர்களாம். நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்ற புளியமரம், மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, தலைமை ஆசிரியரின் பிரம்பு, அந்தப் பிரம்பால்தான் மனிதர்களானோம் என்கிற பொய். மானேஜரின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, கல்விக் கண் திறந்த வள்ளல் என்று கீழே அச்சடிப்பீர்கள். என்னோடு மூன்றாம் வகுப்பில் சாணி மெழுகின தரையில் உட்கார்ந்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்கு எதுவும் மறந்திருக்காது. மறந்தாற்போல இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது உங்களுக்கு எப்போதும் உண்டு. எனக்கும் உண்டு.

உலகச் சண்டைக் காலம் அது. நம் ஊர் அப்போது சித்தூர் ஜில்லா. ஆனி மாதம் பள்ளி திறந்ததிலிருந்து ஆடிக் கிருத்திகை முடிந்து சில நாள் வரைக்கும் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

மானேஜர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர். சர்க்கார் உதவிப் பணம் அவர் கைக்கு வரும். அவர் கையிலிருந்து ஏதாவது மிஞ்சினால் வாத்தியார்களுக்குப் போகும். முருகன் கோயில் மலையின் அடிவாரத்தில் அவருக்கு ஒரு மாந்தோப்பு. தோப்புக்குள் ஒரு குட்டை. அதை அவர் குளம் என்பார், ஊரும் குளம் என்றது. தலைமை ஆசிரியர் அவருடைய தங்கை புருஷன். அவர்கள் இரண்டு பேருக்கும் படிப்பே தேவைப்பட்டதில்லை. பிள்ளைகள் கத்துகிற சத்தம் தெருவுக்குக் கேட்டால் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கத்தலில் நான் கெட்டிக்காரி. பாடப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு ஒப்பிப்பேன். கமா வருகிற இடத்தில் மூச்சு விடுவேன், முற்றுப்புள்ளியில் தலையை ஆட்டுவேன். வீட்டில் அக்காதான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஒரு எழுத்து தவறினால் விரலால் என் முழங்காலில் சுண்டுவாள். பாடத்துக்கு அர்த்தம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் அந்த வருஷம் பட்டாளத்தில் குமாஸ்தாவாகப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். நெசவு வீடு, வீட்டில் தெலுங்கு. இருபத்திரண்டு வயசு இருக்கும். அவர்கள் தறியிலேயே நெய்த கட்டம் போட்ட துணியில் ஒரு சட்டை, அதைத் தவிர இன்னொன்றை நாம் பார்த்ததில்லை. அவருக்கு ‘ழ’ வராது. வாளைப்பளம் என்பார். நமக்கு மட்டும் வந்ததா? வாயப்பயம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாம் அவரைப் பார்த்துச் சிரித்தோம். அவர் அடிக்க மாட்டார் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்தோம். அடிக்காத வாத்தியாரை நாம் மதிக்கவில்லை. நாயைப் போல வளர்க்கப்பட்ட பிள்ளைகள் வேறெப்படி இருக்கும்?

முதல் வாரமே என்னை எழுப்பி எறும்புப் பாடத்தைப் படிக்கச் சொன்னார். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒப்பித்தேன். எறும்பு சுறுசுறுப்பானது, எறும்பைப் பார்த்து நாம் சேமிக்கக் கற்க வேண்டும் என்று வரும். அவர் பாராட்டவில்லை. பழைய இரண்டாம் வகுப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அதில் வீட்டுச் சுத்தம் பற்றி ஒரு பாடம்: வெல்லப் பானையை நீர் நிரப்பிய தட்டில் வை, எறும்பு அண்டாமல் பார்த்துக்கொள்.

இரண்டு பக்கங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கருவேல முள்ளால் குத்தி வைத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து இரண்டு நூல் உருண்டைகளை எடுத்தார், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இந்தக் காகிதத்தில் ஒரு சொல், அந்தக் காகிதத்தில் ஒரு சொல், இரண்டும் ஒத்துப்போனால் நடுவில் வெள்ளை நூலைக் கட்ட வேண்டும். சண்டை போட்டால் சிவப்பு. “எறும்பைப் பார்த்துக் கத்துக்கோன்னு ஒண்ணு சொல்லுது, எறும்பை வெரட்டுன்னு ஒண்ணு சொல்லுது. எது நெஜம்? யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்று கேட்டார். ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ‘அம்மா’ என்பார். அதற்கும் சிரித்தோம்.

நிஜம் எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பாடமும் புத்தகத்தில் இருந்தன, இரண்டையும் ஒப்பிக்கத் தெரியும், அதற்கு மேல் என்ன?

கடைசி வரிசையில் வண்டிக்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா மானேஜரிடம் மாட்டு வண்டி ஓட்டினார். நாலு வரி சேர்ந்தாற்போல் ஒப்பிக்க வராது அவளுக்கு, இடையில் நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் முழுக்க அதற்காக அடி வாங்கினவள். தலையில் எண்ணெய் இருக்காது, மாட்டு வாடை வரும். நான் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன். அவள்தான் எழுந்து சொன்னாள்: “எறும்புக்கு மொத பாடம் நெஜம் சார். வெல்லம் வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டாவது பாடம்.”

வாத்தியார் “சரி” என்றார். பதில் சரியாக இருந்தால் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். சபாஷ் கிடையாது, கைதட்டல் கிடையாது. சரி, அவ்வளவுதான். அவளே போய் நூலைக் கட்டினாள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டையும் கட்டினாள்.

அதிலிருந்து தினமும் இரண்டு காகிதம். சண்டையில் காகிதப் பஞ்சம். பழைய விளம்பரத் தாள், பொட்டலம் மடித்த காகிதம், கிழிந்த பஞ்சாங்கம் என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையும் ரயில் வண்டி நேரம் அச்சடித்த தாளும். பத்திரிகையில் முகூர்த்தம் சூரியோதயத்துக்குச் சற்றுப் பின்னால், பட்டணத்து உறவினர்கள் காலை வண்டியில் வந்து சிறப்பிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. காலை வண்டி நம் ஸ்டேஷனுக்கு வருவதோ ஒன்பது மணிக்கு. பூக்காரர் மகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தாலி கட்டி முடிச்சப்புறம் சாப்பாட்டுக்கு வரச் சொல்றாங்க சார்” என்றான். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒப்பிக்கும் இடமே இல்லாத வகுப்பில் நான் யார்? ரெட்டை வாத்தியார் என்கிற பேரை வைத்தவள் நான்தான். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

வீட்டில் அப்பாவிடம் கோள் சொன்னேன். அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். அழகான கையெழுத்து, ‘கலெக்டர் சமூகத்துக்குத் தாழ்மையுடன்’ என்று மனுவைத் தொடங்கினால் படிக்கிறவனுக்கே தன் மேல் மரியாதை வந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒரு காயிதத்தைப் படிச்சா அது சொல்றதைக் கேட்டுக்கணும். ரெண்டு காயிதத்தை வச்சுக்கினு மோத விடறவன் வக்கீலா இருக்கணும், இல்லன்னா போக்கிரியா இருக்கணும்.” அக்கா மட்டும் அந்த எறும்பு விஷயத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நான் வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். வண்டிக்காரர் மகள் சொன்னதைச் சொன்னபோது அக்கா கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆடி பிறந்ததும் ஊர் மாறியது. காவடிக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே மஞ்சள் துணி வாடையும் கற்பூர வாடையும் வந்துவிடும். மானேஜர் வருஷா வருஷம் மலைப் படிக்கட்டின் கீழே தண்ணீர்ப் பந்தல் போடுவார். ரோஸ் நிறக் காகிதத்தில் அதற்கு ஒரு நோட்டீஸ். காகிதப் பஞ்சத்திலும் அதற்குக் காகிதம் கிடைத்தது. பக்தகோடிகளின் தாகசாந்தியின் பொருட்டு நமது பள்ளி மானேஜர் அவர்கள் தமது தோப்புக் குளத்து ஜலத்தைத் தருமமாக வழங்குவார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கட்டுக் கட்டாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வீட்டுக்கு வீடு கொடுக்கச் சொல்லி நம் கையில் தரப்பட்டது.

பள்ளி இன்ஸ்பெக்டர் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் குடும்பத்தோடு வந்து மானேஜர் வீட்டில் இறங்கினார். கடைசிக் குழந்தைக்கு முடியிறக்க வந்தவர். வந்த இடத்தில் பள்ளிக்கூடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் பயணச் செலவு சர்க்கார் தலையில் விழும். காலையில் மானேஜர் வீட்டு நெய்ப் பொங்கல், பத்து மணிக்கு நம் வகுப்பு. அவருக்கு ஒரு பக்கம் மானேஜர், இன்னொரு பக்கம் தலைமை ஆசிரியர். நெய் வாடை இன்னும் போகாத விரலால் மீசையைத் தடவிக்கொண்டு, யார் நன்றாகப் படிக்கிறவர்கள் என்று கேட்டார். தலைமை ஆசிரியர் என்னைக் காட்டினார்.

சுகாதாரப் பாடத்தை ஒப்பித்தேன். இன்றும் எனக்கு அது வரும். வாந்திபேதி என்பது கொடிய நோய். அது பெரும்பாலும் நீரினால் பரவும். மாடு கழுவும் நீரையும் துணி துவைக்கும் நீரையும் பருகுதல் கூடாது. நீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின் பருகுக. கமாவில் மூச்சு விட்டேன், முற்றுப்புள்ளியில் தலையாட்டினேன். ஒரு சிவப்பு நீலப் பென்சில் பரிசு கொடுத்தார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். அதைப் போல ஒன்றை நான் தொட்டதே இல்லை.

அப்போது அவர் கண்ணில் கரும்பலகையில் தொங்கிய நூல் பட்டது. இது என்ன என்று கேட்டார். வாத்தியார் தன் மெதுவான தமிழில் விளக்கினார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. மானேஜரைத் திரும்பிப் பார்த்தார். மானேஜர் தோளைக் குலுக்கினார். உண்ட வீட்டுக்கு உபகாரம் செய்ய இதுதான் சமயம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேசை மேல் கிடந்த ரோஸ் நோட்டீஸ் ஒன்றைத் தன் கையாலேயே எடுத்தார். நான் ஒப்பித்த பாடத்தின் பக்கத்தையும் நோட்டீஸையும் முள்ளால் குத்தச் சொன்னார். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். கவனியுங்கள், கேட்டவர் அவர். வாத்தியார் அந்த நோட்டீஸை வகுப்பில் எடுத்ததே இல்லை.

அவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கை தூக்கினேன். பாடம் நல்ல தண்ணீர் குடிக்கச் சொல்கிறது, நம் மானேஜர் நல்ல தண்ணீர் கொடுக்கிறார் என்றேன். வெள்ளை நூலைக் கட்டினேன். மானேஜருக்குப் பல் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராவது சொல்கிறீர்களா என்று கேட்டு வைத்தார்.

வண்டிக்காரர் மகள் எழுந்து முன்னால் வந்தாள். அவளுக்குப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு மாதமாக யாரும் அடிக்கவில்லை, அதில் பயம் விட்டுப் போயிருந்தது. சிவப்பு நூலை எடுத்தாள். பாடத்தில் ‘பருகுதல் கூடாது’ என்கிற இடத்திலிருந்து நோட்டீஸில் ‘தோப்புக் குளத்து’ என்கிற இடம் வரைக்கும் இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அந்தக் கொளத்துலதான் சார் எங்க நைனா மாடு கழுவுறாரு. நேத்துகூட கழுவிக்கினு வந்தாரு. மேல்கரையில துணி தொவைக்கிறாங்க. அதே தண்ணியத்தான் பீப்பாயில மொண்டுக்கினு பந்தலுக்குப் போறாரு. பாடத்துல குடிக்கக் கூடாதுன்னு போட்டுகீது. அப்ப பந்தல்ல குடிக்கலாங்களா?”

வெளியே தெருவில் காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் கேட்டது. மானேஜர் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நோட்டீஸைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் பிரம்பைத் தேடினார். அந்த நேரத்தில் வாத்தியார் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பிள்ளை உளறுகிறது என்று நகர்ந்திருப்பார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“சரி” என்றார். “உட்காரும்மா.”

அரை மணி நேரம் கழித்துத் தலைமை ஆசிரியர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பெரிய மனிதர்களும் நாற்காலியில் இருந்தார்கள், வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். வண்டிக்காரர் மகளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் என்னிடம் மிகவும் அன்பாகப் பேசினார். அவர் அன்பாகப் பேசி நான் கேட்டது அது ஒரு முறைதான். அந்தப் பெண் சொன்னதை நேற்றே வாத்தியார் சொல்லிக்கொடுத்தார் அல்லவா என்று கேட்டார். கேள்வியிலேயே பதில் இருந்தது. ஒப்பிப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை. ஆமாம் என்றேன்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். பொய் என்று சொல்லவில்லை. “அவ சொன்னது தப்பாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

தலைமை ஆசிரியர் அவரை வாயை மூடச் சொன்னார். நாலு வரி எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் முதல் கையெழுத்து. பரிசு வாங்கின பென்சிலின் நீல முனையால் போட்டேன். எழுத்து குண்டு குண்டாக இருப்பதாக இன்ஸ்பெக்டர் மெச்சினார்.

வாத்தியார் தன் புத்தகங்களை எடுக்க வகுப்புக்கு வந்தார். நாளையிலிருந்து வேறு சார் வருவார் என்று சொன்னார். தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கம்மா என்றார். கடைசி வரிசையில் ஒருவன் அவர் குரலிலேயே அதைத் திருப்பிச் சொன்னான். யார் என்று நான் எழுதவில்லை, அவனுக்கு இப்போது கொள்ளுப் பேரன் இருக்கிறான். எல்லோரும் சிரித்தோம். அவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

போன வழியில் சுகாதார ஆபீஸில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் அங்கிருந்து ஒரு சிப்பந்தி வந்தார். மானேஜர் வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்தார். குளம் தெளிவாக இருப்பதாகச் சொன்னார். குளத்தைப் பார்க்கப் போனாரா என்று கேட்காதீர்கள்.

வண்டிக்காரர் அன்றைக்கே மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். நிறுத்தினால் வண்டி ஓட்டலாம், இல்லையென்றால் வண்டியை விட்டு இறங்கு என்று மானேஜர் சொன்னாராம். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. என் கோபத்துக்குத் தகுதியானவர்கள் வேறு இருந்தார்கள்.

இப்போது கிருத்திகை நாளுக்கு வருகிறேன். திருவிழாவில் சுகாதாரப் பிரசாரம் நடத்த வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. நடத்தியதாக ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். தலைமை ஆசிரியர் ஒரு யோசனை செய்தார். தண்ணீர்ப் பந்தலின் முன்னால் ஒரு முக்காலி போட்டு என்னை ஏற்றி நிறுத்தினார். வருகிற பக்தர்களுக்கு வாந்திபேதிப் பாடத்தை நான் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே பானையிலிருந்து மொண்டு கொடுக்கிற சொம்பைக் கை மாற்றிவிட வேண்டும். நீங்கள் எல்லோரும் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு பந்தலில் நின்றீர்களே, நினைவிருக்கிறதா? தண்ணீரில் வேப்பிலை மிதந்தது. வெட்டிவேர் போட்டிருந்தார்கள், குட்டை வாடை தெரியாமல் இருக்க. வெயிலில் மொட்டைத் தலையும் அலகு குத்தின நாக்குமாக வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

மாடு கழுவும் நீரையும் துணி துவைக்கும் நீரையும் பருகுதல் கூடாது என்று நான் கத்தினேன். கத்திக்கொண்டே சொம்பைக் கொடுத்தேன். கிழவிகள் என் கன்னத்தைத் தடவி, எவ்வளவு அழகாகச் சொல்கிறது குழந்தை என்றார்கள். குடித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு அரோகரா என்றார்கள். மானேஜர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாலைகளை வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தாகமெடுத்தால் வீட்டுக் கிணற்றிலிருந்து கூஜாவில் தண்ணீர் வந்தது.

மதியம் அக்கா வந்தாள். புதுப் பாவாடை. மலை ஏறி இறங்கி முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் பிழையில்லாமல் சொல்கிறேனா என்று வழக்கம்போல உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு எழுத்தும் தவறவில்லை. அவளுக்குச் சிரிப்பு. கையை நீட்டினாள். நான் சொம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து முழுவதும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள், அதையும் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு வாந்தி. நடுப்பகலுக்குள் கண் குழி விழுந்து, விரலெல்லாம் துணி துவைத்த கை போலச் சுருங்கிப்போனது. அம்மா உப்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அது நிற்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா போய்விட்டாள்.

மானேஜர் வந்தார். வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. அப்பாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

“பலாச்சுளை தின்னுச்சு, செரிக்கலன்னு சொல்லிடுங்க. வேற மாதிரி எழுதினா மிச்சமிருக்கற தெப்பத் திருவிழாவை நிறுத்திடுவானுங்க. சாமி காரியம் கெடக் கூடாது.”

அப்பா சரிங்க என்றார். உள்ளே வந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டு, தன் அழகான கையெழுத்தில், சாவுகளைப் பதிவு செய்கிற கிராம முன்சீப்புக்கு எழுதினார். அஜீரணம். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குள் பலாப்பழம் வரவே இல்லை. ஊரெல்லாம் மனு எழுதிக் கொடுத்த மனிதர், தன் பெண்ணுக்காக ஒரு வரி மனு எழுதவில்லை. ஒரு பொய்யை எழுதினார், அதையும் தாழ்மையுடன் எழுதினார். அவர் செத்த பிறகு இதை எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். இருந்தபோதும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தண்ணீரைக் குடித்த பக்தர்கள் ரயில் ஏறிப் போனார்கள். எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள், எந்தப் பாயில் விழுந்தார்கள் என்று நம் ஊருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. நம் ஊரைப் பொறுத்தவரை அந்த வருஷம் கிருத்திகை சிறப்பாக நடந்தது, ஒரு குழந்தை பலாச்சுளை தின்று செத்தது.

பத்தாம் நாள் காரியம் முடிந்த அன்று அப்பாவிடம் போய், வாத்தியார் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். அப்பா மைக்கூட்டை மூடினார். போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது, போய் விளையாடு என்றார்.

வாத்தியாரைப் பல வருஷம் கழித்து ஒரே ஒரு முறை பார்த்தேன். பொதட்டூர்பேட்டையில் துணி எடுக்கப் போனபோது ஒரு வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்தார். வேறு பள்ளிக்கூடம் எதுவும் அவரை எடுக்கவில்லை. அந்த நாலு வரிக் காகிதம் அவருக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போயிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பொண்ணு படிக்குதாம்மா என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். அவள் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

அவளைப் பார்க்க நான் போனது அந்த வருஷமே, அப்பாவிடம் உண்மையைச் சொன்னதற்கு மறுநாள். வண்டிக்காரர் வீடு அதே இரண்டு தெரு தள்ளி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவள் சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சாணி. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. நான் பொய் சொன்னதைச் சொல்ல வந்தேன் என்றேன்.

“தெரியும். வெளியதான நின்னுகினு இருந்தேன்” என்றாள்.

இரண்டு வறட்டி தட்டினாள். பிறகு, “உங்க அக்கா செத்துப்போச்சாமே” என்றாள். நான் தலையாட்டினேன். அவர்கள் வீட்டில் என்ன குடிக்கிறார்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அம்மா காய்ச்சித்தான் தருகிறாள், நைனாவும் பந்தல் தண்ணீரைத் தொடவில்லை என்றாள்.

“நீ பந்தல்ல நின்னு அந்தப் பாடத்தச் சொன்னியாமே.”

சொன்னேன் என்றேன்.

“மாடு கழுவற தண்ணின்னு வருதே, அதையுமா?”

“ஆங். முழுசும் சொன்னேன்.”

“சொல்லிக்கினேவா சொம்பைக் குடுத்த?”

ஆமாம் என்றேன். அவள் கையை நிறுத்தினாள். சுவரை விட்டுத் திரும்பி, முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“ஏன்?”

நான் யோசித்தேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த பதிலைத்தான் சொன்னேன்.

“அது பாடம்.”

அவள் கூடையில் கையை விட்டு ஒரு உருண்டை எடுத்தாள்.

“தள்ளி நில்லு, மேல தெறிக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வறட்டியைச் சுவரில் தட்டினாள்.